மூடுபனியில் செஞ்சட்டை: வெலிங்டனின் காலாட்படைக்கு நீலகிரியில் வண்ணம் பூசும் முறை

28 மில்லிமீட்டர் பொம்மைச் சிப்பாய்களுக்கு வண்ணம் பூசச் சொல்லித்தரும் குறிப்புகள் எல்லாமே வறண்ட அறையையும் மிதமான வெப்பத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் நாட்கள் குறைவு. அப்பளம் ஒரு மணி நேரத்தில் நமுத்துப்போகிற ஊரில் ஸ்பிரே ப்ரைமர் (வண்ணத்துக்கு அடியில் போடும் முதல் பூச்சு) மட்டும் ஒழுங்காகக் காயும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதனால் இங்கே பாதி வண்ணத்தைப் பற்றியும் பாதி ஈரத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

எடுத்துக்கொள்ளும் படை, 1808 முதல் 1814 வரை போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் நெப்போலியனின் படைகளோடு மோதிய பிரிட்டிஷ் காலாட்படை. கப்பலில் வந்து இறங்கி, ஆறு வருடம் நடந்தே தேய்ந்த படை. அணிவகுப்பு மைதானத்துப் பளபளப்பு இதற்குப் பொருந்தாது. குன்னூருக்குப் பக்கத்தில், ஜகதளா என்ற ஊரின் பெயரால் அழைக்கப்பட்ட பாசறைக்கு 1860-ல் வெலிங்டன் என்று பெயர் வைத்தார்களே, அந்த வெலிங்டன் பிரபுதான் இதன் தளபதி. அவர் நீலகிரியில் பாசறை போட்டவர் என்று சிலர் சொல்வதுண்டு. அவர் இந்தியாவை விட்டுப் போனது 1805-ல். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்ததே 1819-ல்தான்.

எந்த ரெஜிமென்ட்

முதல் படைக்கு 74-ஆம் காலாட்படையை எடுங்கள். 1787-ல் இந்தியாவில் பணிபுரிவதற்கென்றே திரட்டப்பட்டது. திப்புவுக்கு எதிரான மைசூர்ப் போர்கள், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம், 1803 செப்டம்பர் 23 அன்று மராத்தியரோடு அசாயே என்று நம் பக்கத்து வரலாற்றில் புழுதி பட்ட படை. அசாயேயில் பலத்த இழப்பு. அதற்குப் பிறகு யானைச் சின்னம் கிடைத்தது. 1810-ல் போர்ச்சுகல் போய்ச் சேர்ந்து புசாக்கோ, படஹோஸ், சலமான்கா, விட்டோரியா போர்க்களங்கள் எல்லாம் பார்த்தது.

இதை எடுக்கச் சொல்வதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. ஸ்காட்லாந்துப் படையாக இருந்தாலும் 1809-லேயே மலைநாட்டு உடை இதற்கு நிறுத்தப்பட்டுவிட்டது. கட்டம் போட்ட துணி வரையும் தொல்லை இல்லை. சாதாரண பிரிட்டிஷ் காலாட்படைப் பெட்டி ஒன்று வாங்கினாலே போதும். காலரும் மணிக்கட்டுப் பட்டையும் வெள்ளை. இந்தக் காலர், மணிக்கட்டு நிறம்தான் ஒரு ரெஜிமென்டை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். வெள்ளை பிடிக்காவிட்டால் 88-ஆம் படைக்கும் 57-ஆம் படைக்கும் மஞ்சள், 45-க்குக் கரும்பச்சை, 50-க்குக் கறுப்பு. 50-ஆம் படைக்காரர்கள் வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்தால் சாயம் முகத்தில் ஒட்டும். அதை வைத்து அவர்களுக்குக் கேலிப்பெயரே இருந்தது.

ஒரு பட்டாலியனில் பத்துக் கம்பெனிகள். காகிதத்தில் ஆயிரம் பேர், களத்தில் ஐந்நூறு, அறுநூறுதான் மிஞ்சும். மேசையில் நிறுத்த 24 பொம்மைகள் கணக்காக வரும்: படைத்தலைவர் 1, கொடி ஏந்தும் இளம் அதிகாரிகள் 2, சார்ஜெண்ட் 2, சிப்பாய் 19. வலது ஓரத்து மூவர் கிரெனேடியர் கம்பெனி (நெட்டையான, பலசாலி ஆட்கள்). தொப்பிக் குஞ்சம் முழு வெள்ளை. இடது ஓரத்து மூவர் லைட் கம்பெனி (முன்னால் சிதறி நின்று சுடுபவர்கள்), குஞ்சம் பச்சை. நடுவில் இருப்பவர்களுக்கு மேலே வெள்ளை, கீழே சிவப்பு. ஓரத்து ஆறு பேருக்கும் தோளில் இறக்கை மாதிரிப் பட்டை இருக்க வேண்டும். பெட்டியில் அந்தத் தலைகளும் உடல்களும் தனியாக இருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். முரசடிப்பவர்களின் உடை விதிகள் தனிப் புராணம். முதல் படையில் அவர்களைச் சேர்க்க வேண்டாம்.

சுத்தம் செய்வது

அச்சில் வார்த்த கோடு ஒவ்வொரு பொம்மையிலும் இருக்கும். தொப்பியின் பக்கவாட்டிலும் துப்பாக்கிக் குழலிலும் கால் உட்புறத்திலும் அது நன்றாகத் தெரியும். பிளாஸ்டிக் என்றால் பிளேடின் விளிம்பைக் குறுக்காக வைத்துச் சுரண்டுங்கள், வெட்டாதீர்கள். உலோகம் என்றால் நைசான அரம். கோட்டை விட்டுவிட்டால் கடைசியில் தூசி நிறம் தேய்க்கும்போது அது மட்டும் பளிச்சென்று எழுந்து நிற்கும். அப்போது எதுவும் செய்ய முடியாது.

பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு கழுவி, ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். மலையில் 'ஓர் இரவு' என்றால் மறுநாள் மதியம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பைக்கும் முதுகுக்கும் இடையிலும், கை மடிப்பிலும் தண்ணீர் தங்கும்.

ரெசின் துப்பாக்கி வளைந்திருந்தால் கொதிநீரில் பத்துப் பதினைந்து நொடி முக்கி, நேராக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் போடுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரெசினுக்கு அது போதும். கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு இந்த வழி உதவாது. உலோகத் துப்பாக்கியை விரலால் ஒரே தடவையில் மெதுவாக நிமிர்த்த வேண்டும். இப்படியும் அப்படியும் வளைத்தால் நாலாவது தடவை முறிந்துவிடும்.

ஐஸ்கிரீம் குச்சியில் நாலு நாலாக, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு சொட்டு ஃபெவிகாலால் ஒட்டுங்கள். முன்னால் உள்ளவனின் முதுகுக்குப் பிரஷ் போக அவ்வளவு இடம் வேண்டும். துண்டுகளை ஒட்ட ஃபெவிக்விக் மாதிரியான பசையைப் பயன்படுத்தினால் ஒன்று கவனியுங்கள். அந்தப் பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. சமவெளியைவிட இங்கே வேகமாகப் பிடிக்கும். அதிகம் விட்டால் சுற்றிலும் வெள்ளைப் பூச்சாகப் படியும். ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும்.

ப்ரைமர்: இங்கேதான் பாதிப் படை கெடுகிறது

ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பைக் குளிரவைக்கும். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனித்துளி படியும். அது காயாத வண்ணத்துக்குள் மாட்டிக்கொண்டால் சாம்பல் பூத்த மாதிரி வெளுக்கும், தடவினால் சொரசொரவென்று இருக்கும். வார்னிஷிலும் இதே கதைதான். அங்கே இழப்பு பெரிது, ஏனென்றால் பத்து நாள் வேலை அடியில் இருக்கிறது.

ஈரப்பத மானி ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள். 65 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஸ்பிரே. 65 முதல் 75 வரை என்றால் பிரஷால் பூசும் ப்ரைமர். அதற்கு மேலே என்றால் அன்றைக்குப் பொம்மை சுரண்டும் வேலையைப் பாருங்கள். மானி இல்லாவிட்டால் அடுப்படியில் கல்லுப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். உப்பு கசிந்திருந்தால் ஸ்பிரேயைத் தொட வேண்டாம். ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் வியர்த்திருந்தாலும் அப்படியே.

ஊட்டியில் ஜனவரி முதல் மார்ச் வரை, காலை பதினொன்று முதல் மதியம் மூன்று வரை நல்ல நேரம். உறைபனி விழுந்த இரவுக்கு அடுத்த நாள் பகல் பெரும்பாலும் வறண்டு, வெயிலோடு இருக்கும். கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை நாலு மாதமும் ஸ்பிரே கனவுதான். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு அடி விழுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில். ஆக, படையை வாங்கும் மாதத்தையும் பூசும் மாதத்தையும் ஊருக்குத் தக்கபடி வைத்துக்கொள்ள வேண்டும். 24 பொம்மைக்கும் ஒரே நாளில் ப்ரைமர் அடித்து முடித்துவிட்டால், மற்ற வேலையை மழைக்காலம் முழுக்க அறைக்குள் செய்யலாம்.

குளிர்ந்த அறையில் இருந்த உலோகப் பொம்மையை நேரே மதிய வெயிலுக்குக் கொண்டுபோய் அடிப்பது இன்னொரு தவறு. வெளிக்காற்றைவிடப் பொம்மை குளிர்ச்சி. அடிக்கும் முன்பே கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். பொம்மையையும் ஸ்பிரே டப்பாவையும் ஒரு மணி நேரம் முன்னாலேயே அடிக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். டப்பா குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து வண்ணம் துப்பும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தினால் சரியாகும். கும்முட்டி அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கவே கூடாது. கும்முட்டி எரியும் அறையில் ஸ்பிரே அடிப்பதும் கூடாது. ஆவி தீப்பற்றும்.

தூரம் இருபது முதல் இருபத்தைந்து சென்டிமீட்டர். பொம்மைக்கு வெளியே தொடங்கி, குறுக்கே ஓடி, வெளியே போய் நிறுத்துங்கள். இரண்டு மெல்லிய பூச்சு, நடுவே பதினைந்து நிமிடம்.

நிறம்? கறுப்பின் மேல் சிவப்பு ஏறாது. நாலு பூச்சுப் போட்டும் மங்கலாகவே இருக்கும், அதற்குள் முகம் எல்லாம் அடைத்துப்போகும். வெள்ளையின் மேல் சிவப்பு பளபளவென்று மிட்டாய் மாதிரி ஆகிவிடும். செம்பழுப்பு ப்ரைமர்தான் சரி. ஹார்டுவேர் கடை ரெட் ஆக்சைடு அதே நிறம்தானே என்று தோன்றும். அது கேட்டுக்கும் கிரில்லுக்கும் செய்தது, தடிமன் அதிகம். 28 மில்லிமீட்டர் முகத்தில் பூசினால் மூக்கும் கண்ணும் ஒன்றாகிவிடும்.

பத்து டிகிரிக்குக் கீழே அக்ரிலிக் வேண்டாம்

அக்ரிலிக் வண்ணத்தில் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் போனதும் அவை ஒன்றோடொன்று உருகி ஒட்டிப் படலமாக வேண்டும். குளிர் அதிகமானால் ஒட்டாது. காய்ந்த மாதிரி இருக்கும், விரல் பட்டால் சுண்ணாம்பு மாதிரி உதிரும். டிசம்பர் இரவில் ஊட்டியில் ஹீட்டர் இல்லாமல் உட்கார்ந்தால் இதுதான் நடக்கும். பகலில் பூசுங்கள், அல்லது பழைய குண்டு பல்பு போட்ட மேசை விளக்கை நாற்பது சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள்.

ஒரு வசதியும் இருக்கிறது. சென்னையில் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும் என்று ஈரத்தட்டு வாங்குவார்கள். இங்கே அது வேண்டியதில்லை. வெள்ளைச் சமையலறை டைல் ஒன்று போதும். ஈரத்தட்டு வாங்கினால் நாலாம் நாளே பூஞ்சணம் பிடித்து நாறும்.

சிவப்பு

'செஞ்சட்டை' என்ற பேச்சில் எல்லாரும் ஏமாறுகிறார்கள். சிப்பாயின் சட்டைத் துணி மஞ்சிட்டி இனத்து வேரால் சாயமேற்றியது. செங்கல்லுக்குப் பக்கத்தில் வரும், மந்தமான சிவப்பு. அதிகாரிகளின் உடைதான் கொச்சினீல் பூச்சிச் சாயத்தில் பளீரென்று இருந்தது. எல்லாருக்கும் ஒரே பாட்டிலில் இருந்து பூசினால் யார் அதிகாரி என்று தெரியாது.

கலவை இப்படி: சிப்பாய்க்குச் சிவப்பு மூன்று சொட்டு, செம்பழுப்பு ஒரு சொட்டு. சார்ஜெண்டுக்குச் சிவப்பு ஐந்து, செம்பழுப்பு ஒன்று. அதிகாரிக்குச் சிவப்பில் ஆரஞ்சு ஒரு துளி. பாலைவிடச் சற்றுத் திண்ணமாகத் தண்ணீர் கலந்து, இரண்டு அல்லது மூன்று மெல்லிய பூச்சு. ஒரே பூச்சில் மூடிவிட வேண்டும் என்ற அவசரம் வந்தால் பிரஷைக் கீழே வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

விதிப்படி சிப்பாய்க்கு வருடத்துக்கு ஒரு புதுச் சட்டை. கடல் கடந்து, போர்ச்சுகல் மலைப்பாதையில் கோவேறு கழுதை ஏறி அது வந்து சேருவதற்குள் மாதக்கணக்கில் தாமதம். அதனால் ஒரே வரிசையில் பல சிவப்புகள் நின்றன. 19 பேரை மூன்றாகப் பிரியுங்கள். எட்டுப் பேருக்கு மேலே சொன்ன கலவை அப்படியே. ஏழு பேருக்கு அதில் காக்கி ஒரு சொட்டு. நாலு பேருக்குக் காக்கி இரண்டு சொட்டு. நிறுத்தும்போது இந்த மூன்று கூட்டத்தையும் கலந்து நிறுத்துங்கள். தனித்தனியாகப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வரிசையாக நிற்கும்போதுதான் அது நடந்து வந்த படை என்று கண் சொல்லும்.

வெயிலில் வெளுப்பது தோள் உச்சியிலும் மேல்கையின் வெளிப்புறத்திலும். முதுகில் வெளுப்புப் போடாதீர்கள், அங்கே நாள் முழுக்கப் பை தொங்கியது.

மடிப்பில் நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், சிவப்பு செத்துப்போகும். அடர் செம்பழுப்பு ஒரு பங்குக்குத் தண்ணீர் எட்டுப் பங்கு, அதை மடிப்பில் ஓடவிடுங்கள். முழங்கை, தோள் விளிம்பில் வெளிச்சத்துக்கு வெள்ளை கலந்தால் ரோஸ் ஆகிவிடும். சிவப்பில் தோல் நிறம் கலந்து மெல்லிய கோடு இழுங்கள். மார்பில் பொத்தான் இருபுறமும் வரும் பின்னல் பட்டைகளில் நிஜத்தில் நிற இழைகள் ஓடின. ஒரு கை தூரத்தில் அவை தெரியாது. பழுப்பு வெள்ளையில் சின்னச் சின்னக் கோடு போதும்.

மற்ற நிறங்கள்

பூசும் வரிசை உள்ளிருந்து வெளியே: முகம், கை, கால்சட்டை, சட்டை, காலர், பட்டைகள், பைகள், துப்பாக்கி, கடைசியாக உலோகம். பட்டையை முதலில் பூசிவிட்டுச் சட்டைக்கு வந்தால் பட்டையை இரண்டு தடவை பூச வேண்டிவரும்.

மார்பில் குறுக்காக வரும் இரண்டு பட்டைகளும் வெண்களிமண் பூசி வெளுத்த தோல். சுத்த வெள்ளையில் தொடங்காதீர்கள். முதலில் சந்தன நிறச் சாம்பல், அதன் மேல் ஓரம் விட்டுப் பழுப்பு வெள்ளை, மேல் விளிம்பில் மட்டும் வெள்ளை. பட்டை சட்டையைத் தொடும் ஓரத்தில் மிக மெல்லிய 000 எண் பிரஷால் கரும்பழுப்பில் மயிரிழைக் கோடு. 24 பொம்மைக்கு ஒரு மாலை முழுக்கப் போகும். ஆனாலும் பொம்மைக்கு உருவம் கொடுப்பது இந்தக் கோடுதான். பட்டைகள் சேரும் இடத்தில் பித்தளைத் தகடு ஒரு புள்ளி.

கால்சட்டை விஷயத்தில் வெலிங்டன் கண்டிப்பானவர் அல்ல. தோட்டா நனையாமல் இருக்கிறதா என்றுதான் பார்த்தார். பன்னிரண்டு பேருக்குச் சாம்பல், நாலு பேருக்கு அழுக்கு வெள்ளை, மூன்று பேருக்கு உள்ளூர்த் துணியில் தைத்த பழுப்பு. முழங்காலில் ஒட்டு, முழங்கையில் ஒட்டு எல்லாம் போடலாம். ஆறு பேருக்கு மேல் போனால் படை மறைந்து, நாடகக் கம்பெனியின் பிச்சைக்கார வேஷம் வந்துவிடும். காலணிக்கு இடது வலது கிடையாது, இரண்டும் ஒரே அச்சு. கறுப்பில் பூசி முனையில் பழுப்பு தேயுங்கள். ஓரிருவருக்குத் துணி சுற்றிய கால்.

முதுகுப்பை, வண்ணம் பூசிய கறுப்புக் கித்தான். கறுப்பு வண்ணம் பூசினால் ஓட்டையாகத் தெரியும். அடர்சாம்பல் பூசி, பள்ளத்தில் மட்டும் கறுப்பு. மேலே சாம்பல் மேலங்கிச் சுருளும் தகரச் சாப்பாட்டுப் பாத்திரமும். இடது இடுப்பில் அழுக்கு வெள்ளை உணவுப்பை, அதன் மேல் மரத் தண்ணீர்க்குடுவை. குடுவைக்கு வெளிறிய நீலம், தொங்கும் வாருக்குப் பழுப்பு. செஞ்சட்டைப் படையில் கண் போய் நிற்பது இந்த நீலத்தில்தான். அதை மட்டும் சுத்தமாகப் பூசுங்கள். வலது இடுப்பில் தோட்டாப்பை, அறுபது குண்டு கொள்ளும். எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 27 கிலோ சுமை. பொம்மைகளின் முன்சாய்ந்த நடைக்கு அதுதான் காரணம்.

துப்பாக்கி பிரவுன் பெஸ், 'இந்தியா பேட்டர்ன்' வகை, 39 அங்குலக் குழல். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்த வடிவம். பிரான்ஸோடு போர் மூண்டு துப்பாக்கித் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டிஷ் அரசே அதை எடுத்துக்கொண்டது. கட்டைக்கு வால்நட் பழுப்பு, குழலுக்கு மெருகிட்ட இரும்பு, விசைக்காப்புக்கும் அடிக்கட்டைத் தகட்டுக்கும் பித்தளை. குழலைச் சுற்றி வளையம் வரையாதீர்கள். வளையம் போட்டுக் கட்டியது பிரெஞ்சுத் துப்பாக்கி. பிரிட்டிஷ் குழலைக் கட்டையோடு பிடித்திருந்தது உள்ளே போகும் ஆணி. அளவு சரிபார்க்க வேண்டுமானால், முழுத் துப்பாக்கி 55 அங்குலம். 28 மில்லிமீட்டர் பொம்மைக்குரிய 56-இல் ஒரு பங்கு அளவில் 25 மில்லிமீட்டர். முப்பதுக்குப் போனால் பெட்டிக்காரர் தாராளமாகச் செய்துவிட்டார் என்று அர்த்தம்.

சுடும் நிலையில் உள்ளவர்களுக்கு ஒரு சின்ன வேலை. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துத்தான் பிரிப்பார்கள். உதட்டோரத்திலும் வலது கன்னத்திலும் அடர்சாம்பல் ஒரு தொடுகை வையுங்கள். தாடி மாதிரி ஆகிவிடக் கூடாது.

காலப்பிழைகள்

தலைமுடி: பின்சடை 1808-ல் நிறுத்தப்பட்டது. பெட்டியில் சடை வைத்த தலை இருந்தால் அது முந்தைய காலத்துப் படை, வெட்டி எடுத்துவிடுங்கள். தொப்பி: நேரே புகைபோக்கி மாதிரி நிற்கும் ஷாக்கோதான் வேண்டும். முன்புறம் உயர்ந்து பின்னால் தாழ்ந்த தொப்பி 1815 வாட்டர்லூப் போருக்குச் சேர்ந்தது. சார்ஜெண்டின் வலது கையில் மூன்று கோண வரி, இடுப்பில் கருஞ்சிவப்புக் கச்சை, நடுவில் காலர் நிறத்தில் ஒரு கோடு, கையில் ஈட்டி.

பாசறைக் காட்சி ஒன்றும் செய்ய ஆசை வந்தால் வருடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். 1813-க்கு முன்னால் என்றால் சமைக்க இரும்பு அண்டா, அதைச் சுமக்கக் கோவேறு கழுதை, கூடாரம் கிடையாது. சிப்பாய் மரத்தடியில் போர்வைக்குள். 1813-ல் இலேசான தகரச் சமையல் பாத்திரங்கள் வந்து சிப்பாய்களே தூக்கினார்கள். மிச்சமான கழுதைகள் கம்பெனிக்கு மூன்று கூடாரம் சுமந்தன. கூடாரமும் இரும்பு அண்டாவும் ஒரே பலகையில் இருந்தால் கேலி செய்ய ஆள் இருக்கும். ஐந்தாறு பெண்களும் வேண்டும். கப்பல் ஏறும்போது கம்பெனிக்கு இத்தனை மனைவிமார் என்று கணக்கு வைத்துச் சீட்டுக் குலுக்கித்தான் அனுப்பினார்கள். ஒரு ஜோடி மாட்டு வண்டியும் சேர்த்தால் இன்னும் நல்லது. மாடும் தானியமும் இல்லாமல் படை நகராது என்பதை வெலிங்டன் தக்காணத்தில் லம்பாடிகளின் பொதிமாடுகளை வைத்துக் கற்றுக்கொண்டவர்.

புழுதி

புழுதி எங்கே படியுமோ அங்கேதான் போட வேண்டும்: காலணி, கால்சட்டையில் முழங்கால் வரை, உணவுப்பையின் அடிப்பாகம், தொப்பியின் தட்டை உச்சி, முதுகுப்பையின் மேல்பக்கம். மார்பில் போட்டால் மாவு மில்லில் வேலை பார்த்தவன் மாதிரி இருப்பான். பழுப்புச் சாக்பீஸ் நிறக்குச்சியை உரசித் தூளாக்கி, காய்ந்த பிரஷால் தட்டித் தட்டி ஏற்றுங்கள். தோட்டத்து மண்ணைச் சலித்துப் போடலாமே என்றால், நம் மண் சிவப்பு. ஸ்பெயினின் காஸ்டீல் சமவெளியின் புழுதி வெளிறிய சந்தனம். மஞ்சள்தூளைக் கலப்பவர்களும் இருக்கிறார்கள். மூன்று மாத வெளிச்சத்தில் அது காணாமல் போய்விடும்.

அடித்தட்டு

நாற்பதுக்கு நாற்பது மில்லிமீட்டர் தட்டில் நாலு பேர், இரண்டுக்கு இரண்டு. ஆறு தட்டு. பிரிட்டிஷ் வரிசை இரண்டு ஆள் ஆழம்தான், அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அட்டை வேண்டாம், நம் ஊரில் ஒரே மழையில் படகாக வளையும். இரண்டு மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வாங்கி, ஒட்டுவதற்கு முன்பே மேலும் கீழும் விளிம்பும் வண்ணம் பூசி அடைத்துவிடுங்கள். மேலே மட்டும் ஃபெவிகால் தடவினால் அது காயும்போது சுருங்கித் தட்டை மேல்நோக்கி இழுக்கும்.

மணலுக்குக் கல் கோலப்பொடி அருமையான சரக்கு, சலிக்கக்கூட வேண்டாம். அரிசி மாவு கலந்த பொடியா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். எறும்பு வந்தால் படை தோற்றுவிடும். புல்லுக்குச் சாயம் போட்ட மரத்தூள். ஜன்னலுக்கு வெளியே தெரியும் தேயிலைப் பச்சையைப் பார்த்து நிறம் கலக்காதீர்கள், 74-ஆம் படை கோத்தகிரியில் நிற்கும். சலமான்காவுக்கு வைக்கோல் நிறம். 1813 இலையுதிர்காலத்துப் பிரனீஸ் மலை என்றால் மட்டும் நம் கண் உதவும்: ஈரப்பச்சை, காய்ந்த பெரணிச்செடியின் துருநிறம், சாம்பல் பாறை. அங்கே இலைச்சருகுக்கு டீத்தூள் போடலாம். வடித்த தூளைத் தண்ணீர் தெளியும் வரை அலசி, வெறும் வாணலியில் சின்னத் தீயில் வறட்டுங்கள். அலசாவிட்டால் பசை பட்டதும் கறை பொம்மையின் காலில் ஏறும். வறட்டாவிட்டால் பூஞ்சணம்.

கொடி இரண்டு, ஒவ்வொன்றும் 35-க்கு 33 மில்லிமீட்டர், கம்பு 53. அரசர் கொடி யூனியன் ஜாக். 1801-க்குப் பிந்தையது, அதாவது அயர்லாந்தின் சிவப்புக் குறுக்குப் பட்டையும் சேர்ந்தது. ரெஜிமென்ட் கொடி வழக்கமாகக் காலர் நிறத்தில் இருக்கும். காலர் வெள்ளையான படைகளுக்கு வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை, மூலையில் சின்ன யூனியன். காகிதத்தில் அச்சிட்டு, பசை ஈரமாக இருக்கும்போதே பேனா மேல் சுருட்டி அலை கொடுங்கள். வெட்டிய வெள்ளை விளிம்பில் அந்தந்த நிறத்தைத் தொட்டு வையுங்கள்.

வார்னிஷும் வைப்பும்

முதலில் பளபள வார்னிஷ் ஒரு பூச்சு, அது தாங்கும். இரண்டு நாள் கழித்து மங்கல் வார்னிஷ், அது பளபளப்பை அடக்கும். மழைக்காலத்தில் இரண்டையும் பிரஷால் பூசுங்கள். மங்கல் வார்னிஷ் வெளுத்துப்போனால் பதறிச் சுரண்ட வேண்டாம். வறண்ட நாளில் அதன் மேல் பளபள வார்னிஷைப் பிரஷால் பூசினால் பெரும்பாலும் வெளுப்பு மறையும், பிறகு மறுபடி மங்கல்.

தூரிகைகளைக் கழுவித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவையுங்கள். பொம்மைகளுக்குத் தகர பிஸ்கட் டப்பா போதும். தட்டின் அடியில் சின்னக் காந்தம் ஒட்டினால் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதும் கவிழாது. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் சூடுகாட்டித் திரும்பப் போடலாம்.

பழைய ஈயப் பொம்மைகள் இருந்தால் அவற்றை மட்டும் புது மர அலமாரியில் வைக்கக் கூடாது. புது மரமும் எம்.டி.எஃப். பலகையும் மெல்ல அமில ஆவி விடும். ஈரத்தோடு சேர்ந்தால் அது ஈயத்தைத் தின்று வெள்ளைப் பொடியாக்கும். வண்ணத்துக்கு அடியிலேயே நடக்கும், கணுக்காலில் கொப்பளித்த பிறகுதான் தெரியும். அந்தப் பொடி நஞ்சு. ஈரத்துணியால் துடைத்து, துணியை எறிந்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த டீ டம்ளரைத் தொட வேண்டும்.